கேப்பர் மலை இறக்கத்தில் பிடிபட்ட புகை

புகையை முதலில் கண்டுபிடித்தது நானல்ல, அம்மா. கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால்தான் எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு. "துணியெல்லாம் எண்ணெய்ச் சட்டி நாற்றம் அடிக்கிறது, உன் வண்டியைக் கொஞ்சம் பார்" என்றார். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பிவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டைப் புகை வந்தது. அரை நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிட்டது.

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, பெட்ரோல் கார். 2021-இல் 86,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்கினேன். இப்போது 1,30,000-ஐத் தாண்டியிருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வாரம் நான்கு நாள் போய்வருகிறேன். புகை தொடங்கிய காலத்தில் 1,100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையில் கன்னியக்கோயில் பக்கம் பெட்ரோல் போடுகிறாயே, அதுதான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடலூரில் எந்த வண்டிக்கு எது நேர்ந்தாலும் இந்தத் தீர்ப்பு தயாராக இருக்கும். கெட்டியான ஆயில் ஊற்றச் சொன்னார் ஒருவர். புகையை நிறுத்தும் என்று ஒரு புட்டியைக் கடையில் தள்ளிவிட்டார்கள். இரண்டு வாரம் அடங்கியிருந்து, புகை பழையபடி வந்தது. கடைசியாகப் போன பட்டறையில் வண்டியின் பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ரிங் போய்விட்டது சார், இன்ஜினை இறக்க வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ஆகும்" என்றார்கள். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம். ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முதுநகரில் ஒரு பெரியவர் இருக்கிறார். விசைப்படகு இன்ஜின்களோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர். அவரிடம் நீலப் புகை என்று ஆரம்பித்தேன்.

"நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அது சின்னப் பையனுக்கும் தெரியும். எப்போது வருகிறது தம்பி, அதைச் சொல்லுங்கள்."

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது வருகிறது. கெடிலம் பாலத்து நெரிசலில் ஐந்து நிமிடம் நின்று நகரும்போதும் வருகிறது. பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் ஒருமுறை என்னைத் திட்டியே விட்டார். சீரான ஓட்டத்தில் வருவதில்லை. இதைக் கேட்டதும் பெரியவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கேப்பர் மலைக்கு விடச் சொன்னார்.

ஏற்றத்தில் நன்றாக மிதிக்கச் சொன்னார். கண்ணாடியில் புகை இல்லை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுக்க எடுக்கச் சொன்னார். அடிவாரத்தில் மீண்டும் மிதித்தேன். பின்னால் சாலையே நீலமாகிவிட்டது. பெரியவர் சிரித்தார்.

காரணம் எளியதுதான். ரிங் தேய்ந்திருந்தால் இன்ஜின் சுமை இழுக்கும்போது, அதாவது ஏற்றத்தில், புகை அதிகமாகும். காலை எடுத்துவிட்டு இறங்கும்போது காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபட்டு, உள்ளே கடும் உறிஞ்சல் உண்டாகிறது. வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் இறுகிப்போயிருந்தால், மேலே இருக்கும் ஆயிலை அந்த உறிஞ்சல் கீழே இழுத்துவிடும். இரவில் சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்குவதும் அந்த வழியாகத்தான்.

ஆனாலும் உடனே கைவைக்கவில்லை. முதலில் பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் வால்வை, கழற்றி ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று சத்தம் வந்தது, அடைப்பில்லை. பிறகு கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஏறும் அழுத்தம், பார்த்தார்: 165, 160, 162, 158 பிஎஸ்ஐ. நான்கும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு).

சீல் மாற்றிய விதத்தைத்தான் மறக்க முடியாது. ஹெட்டைக் கழற்றவே இல்லை. பிளக் துளை வழியாக, மீன்வலைக்குப் பயன்படும் நைலான் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே திணித்து, நுனியை மட்டும் வெளியே விட்டார். இன்ஜினைக் கையால் சுற்ற, பிஸ்டன் மேலேறிக் கயிற்றை வால்வுகளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. வால்வு உள்ளே விழாமல், ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழைய சீலை எடுத்தார். என் உள்ளங்கையில் வைத்து நகத்தால் அழுத்தச் சொன்னார். ரப்பர் அமுங்கவில்லை, பிஸ்கட்போல் உடைந்தது. எட்டு சீல், ஒரு நாள் வேலை. மொத்தம் ஆறாயிரத்துக்குள் முடிந்தது. அதன்பிறகு 5,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஊற்றினால் போதுமாக இருக்கிறது.

ஒரு முறை கறுப்புப் புகையும் வந்தது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியது. பிளக் நுனியில் உலர்ந்த கரி. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் வெப்பத்தை அளக்கும் சென்சார் பழுதாகி, இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் பெட்ரோல் அதிகமாகப் போயிருக்கிறது. சென்சாரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மார்கழியில் வெள்ளைப் புகையைக் கண்டு பதறியதும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் போகிறது. குளிர்ந்த காலையில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் மட்டும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று. நீலப் புகை விட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் என் வண்டி புகைப் பரிசோதனையில் தேறியது. சூடான இன்ஜினில், நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். அதிகாலையில் வரும் மூட்டைப் புகை அந்தக் குழாய்க்கு எங்கே தெரியும்?

அம்மா அப்போதே கொடிக்கயிற்றை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டார். புகை நின்று இத்தனை மாதமாகியும் கீழே கட்ட மறுக்கிறார். ஈரத்துணி வாளியை மாடிக்குத் தூக்குவது என் வேலை.