பென்டாக்ஸ் கே1000: ஆறு வருசப் பழக்கம்

2019 கடைசியில் இந்த ஃபிலிம் கேமராவைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். "கண்டிஷன் அருமைங்க" என்றுதான் கொடுத்தார்கள். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால், எல்லாப் படத்திலும் ஓரமாக வெள்ளைக் கோடு. பின்மூடியைத் திறந்து விரலால் தடவினேன். வெளிச்சம் புகாமல் இருக்க ஒட்டியிருந்த ஃபோம் உருகி, கறுப்புப் பிசினாகக் கையோடு வந்தது. பழைய கேமரா எது வாங்கினாலும் முதலில் அங்கே விரலை வைத்துப் பாருங்கள். நான் வேலை பார்ப்பது திருப்பூரில் பனியன் கம்பெனி, நூலுக்கா பஞ்சம்? கறுப்பு நூலை அந்தப் பள்ளத்தில் ஓட்டி, கீல் பக்கம் ஒரு துண்டு வெல்வெட் ஒட்டினேன். இன்று வரை கோடு விழவில்லை.

1976 முதல் 1997 வரை தயாரான மாடல். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது செத்தாலும் ஷட்டர் ஓடும். ஆனால் மீட்டருக்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அடங்கும். இது தெரியாமல் இரண்டு பேட்டரியைத் தொலைத்தேன்.

அந்த மீட்டரை நம்ம ஊர் வெயிலில் அப்படியே நம்பவும் கூடாது. வெள்ளை வேட்டி ஃபிரேமில் நிறைந்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முள் ஏறிவிடும். அதன் பேச்சைக் கேட்டால் வேட்டி சாம்பலாகும், முகம் கரியாகும். இப்போது வெளுப்பும் கறுப்புமில்லாத காட்டுப் புல்லைப் பார்த்து அளந்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஆளிடம் திரும்புகிறேன்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் ரோல் மலையிலிருந்து இறங்கி வந்தது. இப்போது நான் போடும் இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு வெள்ளை ரோல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வருகிறது. விலையும் அதற்கேற்ப. வீட்டிலேயே டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் கழுவுகிறேன். சரிக்குச் சரி தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். சித்திரை மாதம் மாடித் தொட்டித் தண்ணீரில் 20 டிகிரிக்கு எங்கே போக? ஐஸ் போட்ட குண்டாவில் பாட்டிலை நிறுத்தி 24-க்கு இறக்கி, எட்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன்.

இனி ஸ்டைல் விஷயம். முதல் இரண்டு வருசம் அதைக் கடையில் தேடினேன். அகலமாகக் காட்டும் 28 எம்எம் லென்ஸ், சிவப்பு ஃபில்டர், கலர் ரோல் எல்லாம் வந்தது, போனது. ஞாயிறானால் வெள்ளகோவில் பக்கம் கொரங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில், சுற்றுவேன். கிளுவை வேலி, வெள்வேல மரம், மேயும் மாடு, தள்ளி நிற்கும் ஆள். இதுதான் என் பாணி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பிரிண்டுகளைத் திண்ணையில் பரப்பியிருந்தேன். அப்புச்சி (அம்மாவின் அப்பா) கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, எல்லாரும் முதுகக் காட்டீட்டே நிக்கறாங்க?"

சுருக்கென்றது. உள்ளே போய் நெகட்டிவ் உறைகளை எடுத்துப் பார்த்தேன். இருபது ரோலிலும் அதே கதை. எதிரில் வரும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவர் கடந்து போன பிறகு ஷட்டரை அமுக்கியிருக்கிறேன். இதற்குப் போய்ப் பாணி என்று பெயர் வைத்திருந்தேன்.

கேமராவில் இருக்கும் 50 எம்எம் லென்ஸ் 45 சென்டிமீட்டர் வரை கிட்டே போகவிடும், ஒரு கை தூரம். அந்த வருசம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு ஒரே ரோலோடு போனேன், அந்தத் தூரத்திலிருந்து மட்டும் எடுப்பது என்று. அவ்வளவு பக்கத்தில் போனால் பேசாமல் இருக்க முடியாது. "ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" முதல் தடவை தொண்டை கட்டியது, நாலாவது ஆளிடம் சரியாகிவிட்டது. இரண்டு பேர் துண்டுக்கடியில் கைகோத்து விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்குள் ஏதோ நெளிகிறது, வெளியே தெரிவது மணிக்கட்டின் நரம்பு மட்டும். கிட்டே வைத்ததால் ஃபோகஸ் அந்த நரம்பில் நின்று, பின்னாலிருந்த மாடெல்லாம் கரைந்துவிட்டது. ரோலில் இருந்த முப்பத்தாறு படத்தில் தேறியது நாலுதான். ஆனால் அந்த நாலும் நான் எடுத்தது மாதிரி இருந்தன.

அதன் பிறகு வேறு லென்ஸ் வாங்கவில்லை. தறியில் நூல் முடிகிற கை, மூக்கணாங்கயிறு மாற்றுகிற கை என்றே ரோல்கள் போகின்றன. குறை என்றால், தூரக்காட்சிக்குக் கண் மரத்துவிட்டது. நல்ல மேகம் போனாலும் கேமராவை எடுக்கத் தோன்றுவதில்லை.

போன மாதம் அப்புச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது ஒன்று எடுத்தேன். நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பு வரை விழுந்திருக்கிறது. பிரிண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. என் மூஞ்சி எங்க கண்ணு?"