டூன், இரண்டு பாகங்கள்: மணல் அசல், தண்ணீர்க் கணக்கு இடிக்கிறது

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெனி வில்னேவ் எடுத்த 'டூன்' படங்கள் இரண்டும், 2021-இல் வந்ததும் சரி, 2024-இல் வந்ததும் சரி, காசு கொடுத்துப் பார்க்கலாம். பெரிய திரையில் மறுபடி போட்டால் விட்டுவிடாதீர்கள். ஆனால் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் எழுதிய நாவலை அப்படியே படமாக்கிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாவலின் அடிமடையையே அடைத்துவிட்டு எடுத்த படம் இது.

நான் நிலத்தடி நீர்மட்டம் அளக்கிற வேலையில் காலம் தள்ளியவன். கிணற்றில் அளவுநாடாவை இறக்கி, எத்தனை மீட்டரில் நனைந்திருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுகிற உத்தியோகம். அந்தப் புத்தியோடுதான் நாவலைப் படித்தேன், அதே புத்தியோடுதான் படத்தையும் பார்த்தேன். இரண்டாம் பாகம் முடிந்து வெளியே வந்து நான் புலம்பியபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, நீங்க படம் பாக்க வந்தியளா, குடிநீர்த் திட்டம் பாக்க வந்தியளா?" நியாயமான கேள்விதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அராக்கிஸ் என்று ஒரு பாலைவனக் கிரகம். அங்கே கிடைக்கிற ஸ்பைஸ் என்ற பொருள் இல்லாமல் விண்வெளிப் போக்குவரத்தே நடக்காது. அதை அள்ளும் உரிமையைப் பேரரசர் ஹார்க்கோனென் குடும்பத்திடமிருந்து பிடுங்கி அட்ரெய்டிஸ் குடும்பத்திடம் கொடுக்கிறார். கொடுப்பதே அவர்களை ஒழிக்கத்தான். தப்பித்த பையன் பால், தாய் ஜெசிக்காவோடு பாலைவன மக்களான ஃபிரெமென்களிடம் போய்ச் சேர்கிறான். அவர்கள் காத்திருந்த ரட்சகன் இவன்தான் என்றாகிறது. அப்படி ஒரு நம்பிக்கையை ஜெசிக்காவின் சகோதரி மடமே பல தலைமுறைக்கு முன்பு அங்கே விதைத்து வைத்திருந்தது என்பது கூடுதல் விஷமம்.

படத்தில் நல்லது நிறைய. மணல் உண்மையான மணல். ஜோர்டானின் வாடி ரம்மிலும் அபுதாபியின் பாலைவனத்திலும் போய் எடுத்திருக்கிறார்கள். காற்று மேட்டின் முகட்டை அறுத்து மறுபக்கம் மணலைச் சரியவிடுவதை வெறும் கணினி வரைகலையில் இப்படிக் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பால் முதல்முறை ராட்சத மணற்புழுவின் மேல் ஏறுகிற காட்சிக்கென்றே தனிப் படப்பிடிப்புக் குழு ஒன்று வேலை செய்திருக்கிறது. மேடு இடிந்து அவன் விழுகிற அந்தச் சில நொடிகள் அரங்கில் யாரும் பாப்கார்ன் பையைத் தொடவில்லை. ஹார்க்கோனென்களின் கிரகத்து வெளிப்புறக் காட்சிகளை ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் அகச்சிவப்புக் கேமராவில் எடுத்திருக்கிறார். கருப்பு வெள்ளையில் தோலெல்லாம் மெழுகு பூசியது மாதிரி தெரிகிறது, பார்க்கவே அருவருப்பு. அதுதானே வேண்டும். முதல் பாகத்துக்கு 6 ஆஸ்கர், இரண்டாவதற்கு 2. ஒலிக்கும் காட்சி விளைவுகளுக்கும் இரண்டு முறையும் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தண்ணீரைப் பற்றிப் படத்தில் எதுவுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். முதல் பாகத்தில் ஃபிரெமென் தலைவன் ஸ்டில்கர் மேசை மேல் துப்புகிறான். காவலர்கள் கத்தியை உருவப் போக, உடம்பின் ஈரத்தைக் கொடுத்ததற்கு நன்றி என்று அட்ரெய்டிஸ் வீரன் டங்கன் சொல்கிறான். பேரீச்ச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் கிழவர் ஒரு மரம் ஐந்து ஆள் தண்ணீர் குடிக்கும் என்கிறார். நாவலில் அதற்குக் கணக்கே இருக்கிறது: மரத்துக்கு நாளுக்கு 40 லிட்டர், மனிதனுக்கு 8. மாளிகை முன்னால் 20 மரம், அதாவது 100 உயிர். இரண்டாம் பாகத் தொடக்கத்தில் செத்த எதிரிகளின் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சுகிறார்கள். அதில் ரசாயனம் அதிகம், குடிக்க ஆகாது, குளிரூட்டத்தான் ஆகும் என்று அலட்டிக்கொள்ளாமல் ஒரு வசனம். இந்த மாதிரி இன்னும் பத்து இடம் இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

நாவலில் தண்ணீர் எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம். ஜாமிஸ் என்பவன் பாலோடு கத்திச் சண்டையிட்டுச் சாகிறான். அவன் உடம்பிலிருந்து எடுத்த தண்ணீர் 33 லிட்டரும் சில்லறையும் என்று துல்லியமாக அளந்து அறிவிக்கிறார்கள். சில்லறை கூட பின்னக் கணக்கில். அந்த அளவுக்கு ஈடாக உலோக வளையங்கள் பால் கைக்கு வருகின்றன. அதுதான் அங்கே பணம். வளையங்கள் கிலுகிலுக்காமல் கட்டத் தெரியாமல், கொஞ்சம் வைத்திரு என்று சானி என்ற ஃபிரெமென் பெண்ணிடம் அவன் கொடுக்க, ஸ்டில்கர் புன்னகைக்கிறான். ஒரு பெண்ணிடம் வளையம் கொடுப்பதற்கு அவர்கள் ஊரில் வேறு அர்த்தம். காதல், சாவு, வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது! படமும் ஜாமிஸின் தண்ணீரைக் குளத்தில் ஊற்றுவதைக் காட்டுகிறது, அழகாகவே காட்டுகிறது. கணக்குவழக்குக்குள் மட்டும் போவதில்லை.

அந்தக் குகைக் குளத்தில் 3 கோடியே 80 லட்சம் டெகாலிட்டருக்கு மேல் இருக்கிறது என்று நாவல் சொல்லும். டெகாலிட்டர் என்றால் 10 லிட்டர், ஆக 38 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். பேப்பரில் போட்டுப் பார்த்தேன்: 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் நம்ம செம்பரம்பாக்கத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. ஹெர்பர்ட் இதை யோசிக்காமல் எழுதவில்லை. இதுபோல ஆயிரக்கணக்கான இடத்தில் தேக்கி வைத்திருக்கிறோம் என்று அதே இடத்தில் ஸ்டில்கர் சொல்வான். பிணத்திலிருந்தும் பனியிலிருந்தும் காற்றின் ஈரத்திலிருந்தும் சேர்த்த தண்ணீர், தாகத்தில் செத்தாலும் தொடாத தண்ணீர்.

எதற்காகச் சேர்க்கிறார்கள்? என் முக்கியமான புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பார்டோ கைன்ஸ் என்ற சூழலியலாளர், படத்தில் வரும் லியட் கைன்ஸின் தகப்பனார், ஃபிரெமென்களுக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். முதலில் மேட்டின் காற்றுப் படாத சரிவில் புல், புல் பிடித்ததும் அடுத்த செடி, அப்புறம் மரம். கிரகத்தின் தாவரங்களில் 3 சதவீதத்தை இந்தச் சுழற்சிக்குள் கொண்டுவந்துவிட்டால் மிச்சம் தானாக நடக்கும் என்பது அவர் கணக்கு. எவ்வளவு காலம் பிடிக்கும்? 300 முதல் 500 வருடம். கேட்ட யாரும் ஓடிப்போகவில்லை. பேரன் பேத்திக்கும் பார்க்கக் கிடைக்காத மரத்துக்காகத் தன் பங்குத் தண்ணீரைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். வானத்திலிருந்து யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று விண்கலக் கம்பெனிக்கு ஸ்பைஸை லஞ்சமாகக் கொடுத்து, தெற்கே தோட்டங்களை மறைத்து வைக்கிறார்கள்.

வில்னேவின் படத்திலும் தெற்கு இருக்கிறது, புயல்களுக்குப் பின்னால் மறைந்து. அங்கே ஒளிந்திருப்பது கடும் நம்பிக்கைக்காரர்கள். நாவலில் மரத்தை ஒளித்து வைத்த இடத்தில் படம் பக்தர்களை ஒளித்து வைத்திருக்கிறது. பசுமைச் சொர்க்கம் என்ற பேச்சு படத்திலும் அடிக்கடி வரும். முதல் பாகத்தில் பாழடைந்த ஆய்வு நிலையத்தில் லியட் கைன்ஸ் அதைப் பற்றி நாலு வரி பேசுகிறார். அதோடு சரி. அப்புறம் சொர்க்கம் என்பது முழுக்க வேத வாக்கு. அதற்கு அட்டவணை இல்லை, நாற்றங்கால் இல்லை, ரட்சகன் வந்தால் போதும். பட முடிவில் பால் படையை விண்ணுக்கு அனுப்பும்போது சொல்வதும் இவர்களைச் சொர்க்கத்துக்கு அழைத்துப் போ என்றுதான். நல்ல வசனம், முதுகுத்தண்டு சில்லிடுகிறது. ஆனால் சொர்க்கம் என்று அவர்கள் முன்பு எதைச் சொன்னார்கள் என்று தெரிந்தவனுக்கு மட்டுமே அதன் கொடுமை முழுசாக விளங்கும்.

இதில் இன்னொரு முடிச்சும் அவிழாமலே போகிறது. மணற்புழுவுக்குத் தண்ணீர் விஷம். குட்டிப் புழுவைத் தண்ணீரில் முக்கிக் கொல்வதைப் படமே காட்டுகிறது. புழுவின் குஞ்சுப் பருவத்து உயிர்கள்தாம் நிலத்தடி ஈரத்தைச் சிறைப்படுத்தி வைக்கின்றன, ஸ்பைஸ் உண்டாவதும் அவற்றிலிருந்தே. ஆகவே கிரகம் பச்சையானால் புழு சாகும், புழு செத்தால் ஸ்பைஸ் இல்லை, ஸ்பைஸ் இல்லாவிட்டால் பேரரசு படுத்துவிடும். நாவலின் அரசியல் மொத்தமும் இந்த ஈரத்தில்தான் நிற்கிறது. டேவிட் லிஞ்ச் 1984-இல் எடுத்த படத்தில் கடைசியில் மழையையே பெய்ய வைத்தார், பாவம் அந்தப் புழுக்கள். வில்னேவ் அந்தத் தப்பைச் செய்யவில்லை, கேள்வியையே எழுப்பவில்லை.

அக்கா மகன் கட்சி வேறு. நாயகனை நம்பாதே என்பதுதான் நாவலின் சாரம், அதைப் படம் நாவலைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டது, வேறென்ன வேண்டும் என்பான். பாதி சரி. நாவலில் சானி கடைசிவரை பாலோடு நிற்கிறாள். அவன் அரசியல் காரணத்துக்காக இளவரசியைக் கட்டிக்கொள்ளும்போது, வரலாறு நம்மைத்தான் மனைவிகள் என்று சொல்லும் என்று ஜெசிக்கா அவளைத் தேற்றுகிறாள். படத்தில் ஜெண்டயா நடித்த சானி யாருக்கும் தேறவில்லை. எல்லாரும் மண்டியிடும்போது நிமிர்ந்து நின்றுவிட்டு வெளியே போகிறாள். அந்த மாற்றத்துக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ஹெர்பர்ட் சொன்னது பல வாசகர்களுக்கு உறைக்காமல், பாலைக் கொண்டாடினார்கள். 1969-இல் இரண்டாவது நாவல் எழுதித்தான் அதை அவர் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. படம் பார்ப்பவருக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஆனால் அந்த எச்சரிக்கை நாவலில் யார் வாயில் வருகிறது தெரியுமா? லியட் கைன்ஸ், உடம்பின் ஈரத்தைத் திரும்பச் சேர்த்துத் தரும் ஸ்டில்சூட் என்ற உடை பறிக்கப்பட்டு மணலில் சாகக் கிடக்கிறார். காய்ச்சல் மயக்கத்தில் செத்துப்போன தகப்பன் குரல் கேட்கிறது. வாத்தியார் பாடம் நடத்துவதுபோல மண், புல், ஈரம் என்று பேசிக்கொண்டே வந்து, உன் மக்களுக்கு ஒரு நாயகன் கையில் சிக்குவதைவிடப் பெரிய கேடு இல்லை என்கிறது. 300 வருடப் பொறுமையை ஒரே ஆள் வந்து போராக மாற்றிவிடுவான் என்ற பயம், அந்த வேலையைத் தொடங்கியவரின் பயம். தண்ணீரும் நாயகனும் அங்கே ஒரே பேச்சு. படம் ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டு மற்றதை மணலிலேயே போட்டுவிட்டது. படத்தில் கைன்ஸ் சாவும் பிரமாதமாகத்தான் இருக்கிறது. தரையைத் தட்டிப் புழுவை வரவழைத்து எதிரிகளோடு சேர்ந்து போகிறார். கைதட்டல் வாங்குகிற சாவு. பாடம் மட்டும் இல்லை.

ஹெர்பர்ட்டுக்கு இந்தக் கதை கிடைத்ததே மணலை நிறுத்தும் வேலையைப் பார்க்கப் போய்த்தான். 1950களின் இறுதியில் ஓரிகன் கடற்கரையில், ஃபிளாரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம், நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு அரசாங்கம் நிறுத்திக்கொண்டிருந்தது. எனக்கு இது உடனே பிடிபட்டதற்குக் காரணம் உண்டு. நான் தேரிக்காட்டுப் பக்கத்துக்காரன். குதிரைமொழித் தேரியில் ஆடிக் காற்றுக்குச் செம்மண் எழும்பினால் எதிரே வருகிற ஆள் தெரியாது. பனையும் முந்திரியும் இல்லாவிட்டால் அந்த மண் ஓரிடத்தில் இருக்காது. ஓரிகனில் நட்ட அந்த ஐரோப்பியப் புல் பிற்பாடு கட்டுக்கடங்காமல் பரவி, திறந்த மணலில் முட்டையிடும் பறவைகளுக்கு இடமில்லாமல் செய்ய, இப்போது சில இடங்களில் அதைப் பிடுங்குகிறார்கள். சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டுகிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சில்லறைக் குறைகள். கணினிகளே இல்லாத அந்த உலகத்தில் மனிதர்களே கணினியாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். முதல் பாகத்தில் கண்ணை மேலே செருகிக் கணக்குச் சொன்ன அந்தப் பெரியவர் ஹவாட், இரண்டாம் பாகத்தில் ஆளையே காணோம். விருந்துக் காட்சி போய்விட்டது, எனக்கு வருத்தம். பாலின் தங்கை பிறக்காமல் வயிற்றிலேயே இருப்பது எனக்குச் சம்மதம்தான். நாவலில் அந்தச் சிறு குழந்தை செய்யும் கொலையைத் திரையில் காட்டினால் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒரு சொட்டு வியர்வையைக்கூட வீணாக்காத ஆட்கள் வெட்டவெளியில் முகத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு மூச்சு விடுகிறார்களே, அது மட்டும் தாங்கவில்லை. நட்சத்திரங்களின் முகம் தெரிய வேண்டுமாம்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு: இரண்டும் சேர்த்து 321 நிமிடம், ஒரே நாளில் வேண்டாம். வசனம் பல இடத்தில் முணுமுணுப்பு, ஹான்ஸ் ஜிம்மர் இசை மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், எழுத்து வசனத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நாவல் வாங்கினால், கதை முடிந்த பிறகு வரும் முதல் பின்னிணைப்பைத் தாண்டிப் போகாதீர்கள். பார்டோ கைன்ஸின் திட்டம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் நடுவில் அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் படம் இன்னும் நல்ல படமாகத் தெரியும்.