வகுப்பறைக்கு ஏறுசட்டமும் மேட்டும் வாங்குகிறீர்களா? முழுப்பணம் கட்டாதீர்கள்

மழை பெய்தாலும் பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாட வேண்டும் என்று எங்கள் மழலையர் வகுப்பில் ஒரு மூலையை ஒதுக்கினோம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆக, தேவை உண்மையானது. அதை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

ஏறுசட்டம் (பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டகம்), விழுந்தால் தாங்கத் தரையில் விரிக்கும் மேட், பொருத்தும் வேலை எல்லாம் ஒரே நிறுவனம். "எப்படி விழுந்தாலும் அடிபடாது, சான்றிதழ் இருக்கு" என்றார் விற்பனையாளர். வந்திறங்கிய மேட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் தரை தட்டியது. காட்டிய மாதிரியில் பாதித் தடிமன்கூட இல்லை. சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மாடல் எண்ணே வேறு. அதுவும் தீப்பிடிக்குமா என்று பார்த்த சோதனை!

விழுந்தால் தாங்குமா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு: ஈஎன் 1177 (ஐரோப்பியத் தரம்) அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்1292 (அமெரிக்கத் தரம்). எத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் அந்த மேட் தாங்கும் என்று அதில் அளவு போட்டிருக்கும். ஏறுசட்டத்தில் பிள்ளை ஏறி நிற்கும் உயரம் அந்த அளவைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு எண்ணை எழுத்தில் கேளுங்கள். தராமல் மழுப்பினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

ஏறுசட்டமும் சரியில்லை. குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி. நாற்புறமும் அடைத்த திறப்பு ஏறக்குறைய 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவில் இருந்தால் தலை சிக்கும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு எச்சரிக்கிறது. ஒரு டேப் எடுத்து அளந்தாலே தெரிந்துவிடும்.

என்னைப் பதற வைத்தது சுவர்தான். சட்டம் சாயாமல் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூவை உள்ளே வெற்றிடமாக இருந்த ஜிப்சம் பலகையில் முடுக்கியிருந்தார்கள். நான் கையால் இழுத்தேன், வெள்ளைப் பொடியோடு கழன்று வந்துவிட்டது. நல்லவேளை, அதுவரை ஒரு பிள்ளையும் ஏறவில்லை. போன் செய்தால், "சின்னப் பிள்ளைங்கதானே மேடம், எடையே இருக்காது" என்கிறார்கள். பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

சட்டத்தைப் பிரித்துப் பூட்டி வைத்துவிட்டோம். எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், பணம் வரவில்லை. நீங்கள் வாங்கினால் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தி முடித்ததும் பெரியவர் ஒருவர் சட்டத்தைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்க்கட்டும், அப்புறம் கொடுக்கலாம்.