எஸ்பிளனேடில் இண்டி ராக்: நீரோர மேடையா, அனெக்ஸ் ஸ்டூடியோவா?

இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத குழுக்களின் ராக் இசை) கேட்கச் சிங்கப்பூரின் எஸ்பிளனேடு கலையரங்கத்துக்குப் போகலாம் என்றால் கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மரினா பே நீரோரத்தில் உள்ள வெளியரங்கம். காசு கிடையாது, பதிவு கிடையாது, போய் உட்கார வேண்டியதுதான். 2002 முதல் எஸ்பிளனேடில் நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவும் இலவசம்தான், உள்ளூர் குழுக்களைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பிடிக்கவில்லையா, பாதியில் எழுந்து பக்கத்தில் குளட்டன்ஸ் பே உணவுக் கடைகளில் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு குழுவுக்குக் கிடைப்பது குறைந்த நேரம்தான், கூட்டத்தில் பாதி காற்று வாங்க வந்தவர்கள், புழுக்கம் வேறு.

இரண்டாவது வழியான அனெக்ஸ் ஸ்டூடியோ, அதே எஸ்பிளனேடில் உள்ள உள்ளரங்கம், அப்படியில்லை. டிக்கெட் வாங்கியாக வேண்டும், பெரும்பாலும் நின்றபடிதான் கேட்க வேண்டும், ஆனால் சின்ன இருட்டறை என்பதால் பேஸ் கிட்டார் அதிர்வது நெஞ்சுக்கூட்டிலேயே தெரியும், பாடகர் கிட்டார் ஒலியை மாற்றும் பெடலை மிதிக்கும் காலைக்கூடப் பார்க்கலாம். வந்திருப்பவர்களும் பாட்டுக்காகவே வந்தவர்கள். (காதடைப்பான் கொண்டு போங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.)

என்னைக் கேட்டால், பெயர் தெரியாத குழு என்றால் வெளியரங்கம், ஒரு பாட்டாவது பிடித்துப்போன குழு என்றால் யோசிக்காமல் அனெக்ஸ். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, வெளியரங்கம்தான். அப்புறம், எங்கே போனாலும் கடைசி எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.