பிட் எதிர் ஸ்டாண்டா, வளைவோரப் புல்மேடா?

ஃபார்முலா 1 பார்க்கக் கிளம்பும் பலரும் முதலில் தேடுவது கார்கள் டயர் மாற்ற நிற்கும் பாதையான பிட் லேனுக்கு எதிரே உள்ள பார்வையாளர் ஸ்டாண்டைத்தான். தொடக்கம், டயர் மாற்றம், முடிவைக் காட்டும் கொடி எல்லாம் கண்ணெதிரே. ஆனால் 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அங்கே வெறும் நிறக்கீற்று. தலையைத் திருப்புவதற்குள் போய்விடும்.

நேர்பாதை முடிந்து மெதுவான வளைவு தொடங்கும் இடத்துப் புல்மேட்டில் நின்றால் கதையே வேறு. சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் தணலாக ஒளிர்வதுகூடத் தெரியும். முந்துவதும் பெரும்பாலும் அங்கேதான். மொனாக்கோ பந்தயத்தில் 78 சுற்று, பெல்ஜியத்தின் ஸ்பாவில் 44 மட்டுமே; ஒரு கார் நம் முன்னே வருவதும் அத்தனை முறைதான். அதனால் ஸ்பாவில் வளைவை விடவே கூடாது.

சரி, சிரமம்? புல்மேட்டில் இருக்கை எண் கிடையாது. வாசல் திறக்கும்போதே போய் இடம்பிடிக்க வேண்டும், நடக்கும் தூரத்தில் தங்குவது நல்லது. ஸ்டாண்ட் என்றால் தள்ளித் தங்கி ரயிலில் நிதானமாக வரலாம். பெரியவர்களோடு போனால் ஸ்டாண்ட், எனக்கென்றால் புல்மேடுதான்.