தவக்கால மட்டைப் பெட்டி: திருகோணமலைக் குசினியில் அது செய்யும் வேலை

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. அதை ஒட்டிக் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களில் தரும், காசு சேர்க்கும் மடிப்பு மட்டைப் பெட்டிக்கு விலை கிடையாது. என்றாலும் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது: ஒரு வீட்டில் உண்ணாமல் விட்டது இன்னொருவர் கோப்பைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை வைத்தே இதை மதிப்பிடுகிறோம்.

முதலில் மட்டை. அடிப்பக்க மடல்களை ஒன்றுக்குள் ஒன்று சொருகித்தான் பெட்டி நிற்கிறது. நம் ஊர் உப்புக் காற்றில் மூன்றாம் கிழமைக்குள் மட்டை இளகிவிடும். பத்து ரூபாய்க் குற்றிகள் சேர்ந்த பிறகு தூக்கினால் அடி கழன்று கொட்டும். மடித்தவுடனேயே அடியில் அகலமான டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள். குற்றி சேரச் சேரக் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுரூபத்தடியில், அதாவது புனிதர் சிலைக்குக் கீழே, வைத்தால் அது அலங்காரமாகிவிடும். குசினியில், அரிசி அளக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே இருந்தால்தான் கணக்கு அன்றன்றைக்கே நடக்கும்.

கணக்குப் பார்க்கும் முறை புதிதல்ல. நோன்பு நாளில் சாப்பிடாமல் விட்ட உணவின் செலவைக் கணக்கிட்டு, அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு என்று 2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தொன்றே சொல்கிறது. வீட்டில் நாலு பேர். கோழிக்கறிச் சாப்பாட்டுக்கு 1,200 ரூபாய், பருப்பும் முருங்கையிலையும் என்றால் 350 என்று வைப்போம். மிச்சம் 850 அன்றிரவே பெட்டிக்குள் போக வேண்டும். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி தொடங்கிப் பெரிய வெள்ளி வரை 7 வெள்ளிக்கிழமைகள். அவற்றில் மட்டும் 5,950 ரூபாய் சேரும்.

நம் ஊரில் அதிகம் பிழையாகிப்போவது இந்த இடத்தில்தான். 14 வயதிலிருந்து இந்த வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கோழியை விட்டுவிட்டுப் பாரையும் இறாலும் கணவாயும் சமைத்தால் சட்டம் மீறப்படாது. செலவோ கூடும், பெட்டிக்குள் ஒன்றும் விழாது. திருக்கடலூரிலும் உவர்மலையிலும் இருப்பவருக்கு நல்ல மீன் கிடைத்த நாள் விருந்து நாள். வெள்ளிக்கிழமை மீனையும் தவிர்க்கிற வீட்டில்தான் பெட்டி கனக்கும்.

அடுத்த பழுது பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று வரும். 39 நாள் வெறுமையாகக் கிடந்த பெட்டிக்குள் ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை மடித்துச் சொருகுவார்கள். வாங்குகிறவருக்கு அந்தப் பணம் நிச்சயம் உதவும். கொடுத்த வீட்டுச் சட்டியில் மட்டும் ஒன்றும் குறைந்திருக்காது.

பெட்டியில் பெயரும் வீட்டு இலக்கமும் எழுத இடம் விட்டிருந்தால் அதை வெறுமையாக விடுங்கள். வலது கை செய்வதை இடது கை அறிய வேண்டாம் என்றவர் இயேசு. எந்த வீடு எவ்வளவு என்று கோவிலில் வாசிக்கும் வழக்கம் இருந்தால், நிறுத்தும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள். சில்லறை மட்டும் போட முடிந்த கிழவி அந்த ஞாயிறு பூசைக்கு வரக் கூசுவார்.

பெட்டியால் முடியாத வேலையும் உண்டு. நோன்பிருந்துகொண்டே வேலையாட்களை ஒடுக்குகிறவர்களை விவிலியத்தில் எசாயா 58ஆம் அதிகாரம் நேராகவே கண்டிக்கிறது. கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி, வலை இழுத்தவர்களின் பங்கை அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டுப் பெட்டியை நிரப்பினால், உள்ளே கிடப்பது அவருடைய பணமே இல்லை. முதலில் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கடை வைத்திருப்பவருக்குப் பெட்டியை விடக் கடன் கொப்பி நல்ல கருவி. தனியாகப் பிள்ளை வளர்க்கிற ஒருத்தியின் கணக்குப் பக்கத்தில் "400 கிராம் பால்மா 2" என்று எழுதிய வரியின் மேல் பேனையால் ஒரு கோடு இழுங்கள். காசோடு வரும்போது "கணக்கு முடிஞ்சுது அக்கா" என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டியைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அம்மா கையில் கொடுத்த குற்றியைப் பிள்ளை போட்டால் அது அம்மாவின் தவம்தான். ஐஸ்பழத்துக்கு வைத்திருந்த தன் காசைத் தானே போடட்டும். மட்டை கிழிந்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஒன்றரை அங்குலம் கீறிக்கொள்ளுங்கள். அடுத்த வருடத் தவக்காலத்துக்கும் தாங்கும்.