கடவுச்சொல் பூட்டா, நோலாகினா, காலாவதித் தேதியா? லினக்ஸில் உள்நுழைவைத் தடுக்கும் வழிகள்

தம்புச்செட்டித் தெருவில் ஒரு சுங்க கிளியரிங் அலுவலகத்தின் சர்வரைக் கவனித்துவந்தபோது, வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை அன்று மாலையே பாஸ்டபிள்யூடி கட்டளையின் 'எல்' விருப்பத்தால் பூட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். அடுத்த வாரம் உள்நுழைவுகள் பதிவாகும் லாகைப் புரட்டியபோது, அதே பெயருக்கு 'அக்செப்டட் பப்ளிக்கீ' என்ற வரி பதிவாகியிருந்தது. அதாவது, கடவுச்சொல் இல்லாமல் சாவிக் கோப்பைக் கொண்டே யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டளை, கடவுச்சொற்களைக் காக்கும் ஷேடோ கோப்பில் உள்ள கடவுச்சொல் ஹேஷுக்கு (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவத்துக்கு) முன்னால் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். எந்தக் கடவுச்சொல்லும் இனிப் பொருந்தாது. ஆனால் பிஏஎம் (உள்நுழைவோரைச் சரிபார்க்கும் லினக்ஸ் பகுதி) இயங்கும் வழக்கமான அமைப்பில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் சாவியோடு வருபவரிடம் கடவுச்சொல்லை யாரும் கேட்பதே இல்லை.

யூசர்மாட் கட்டளையில் காலாவதித் தேதியை 1 என்று கொடுத்தால், கணக்கு 1970 ஜனவரி 2 அன்றே முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். இந்தச் சோதனை, கணக்கு இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்க்கும் பிஏஎம்-இன் கணக்குக் கட்டத்தில் நடப்பதால், கடவுச்சொல்லோடு வந்தாலும் சாவியோடு வந்தாலும் அனுமதி கிடையாது. பாஸ்டபிள்யூடியின் கையேடே கணக்கை முடக்க இதைத்தான் பரிந்துரைக்கிறது. விலகியவர் விஷயத்தில் என் தேர்வும் இதுவே. அவர் பெயரில் இரவில் ஓடும் கிரான் வேலைகளும் (குறித்த நேரத்தில் தானாக இயங்குபவை) இதனால் நின்றுபோகக்கூடும் என்பதால், அவற்றை முன்னதாகவே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

ஷெல்லை, அதாவது நுழைந்ததும் கட்டளைகளை வாங்கும் நிரலை, யாரையும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் நோலாகினாக மாற்றுவது, டேட்டாபேஸ், வெப் சர்வர் போன்றவற்றின் சேவைக் கணக்குகளுக்கு ஏற்றது. மனிதருக்கு அதை மட்டும் நம்பக் கூடாது: ஷெல்லே கேட்காமல் போர்ட் ஃபார்வர்டிங் (சர்வர் வழியாக வேறு இணைப்புகளைக் கடத்துவது) மட்டும் கேட்டு வருபவரை அது தடுப்பதில்லை.

தனி ஆளை விலக்குவதல்ல, யார் யார் வரலாம் என்று வரையறுப்பதே நோக்கமென்றால், எஸ்எஸ்ஹெச் சேவையின் அமைப்புக் கோப்பான எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக்கில் அலவ்குரூப்ஸ் வரி எளிது. குழுவில் சேர்த்தவருக்கு அனுமதி, நீக்கியவருக்கு இல்லை. ஆனால் இது எஸ்எஸ்ஹெச்சோடு நின்றுவிடும். சர்வரின் கீபோர்டு முன் வந்து உட்காருபவரைக் கட்டுப்படுத்தாது. அதற்கும் சேர்த்து, எங்கிருந்து வருகிறார் என்பதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டுமானால் பிஏஎம்-இன் ஒரு கூறான பிஏஎம் ஆக்சஸ் தேவை. கிடங்குப் பணியாளர்கள் ராயபுரம் கிடங்கின் ஐபி முகவரிகளிலிருந்து மட்டுமே நுழையலாம் என்பதை அதன் விதிகள் இருக்கும் ஆக்சஸ் கான்ஃப் கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். முதலில் பொருந்தும் வரியே செல்லுபடியாகும் என்பதால், அனைவரையும் மறுக்கும் வரி கடைசியில்தான் இருக்க வேண்டும். அதை மேலே வைத்துவிட்டால் நிர்வாகிக்கே வழி அடைபடும். ஆகவே, திறந்திருக்கும் ஒரு ரூட் (முழு அதிகார) அமர்வை மூடாமல், வேறொரு ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

இவற்றுள் எதுவும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. கணக்கை முடித்த கையோடு இப்போது உள்ளே இருப்பவர்களைக் காட்டும் 'ஹூ' கட்டளையால் பார்த்து, அவர் பெயர் தெரிந்தால் லாகின்சிடிஎல் கட்டளையின் டெர்மினேட் யூசர் கொண்டு அந்த அமர்வையும் முடித்துவிடுங்கள்.